ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடாத எஞ்சின்

ரூடி அஹோலாவின் பனி அள்ளும் மிஷின் வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மக்கர் பண்ணியது.

ஏதோ ஒரு ஞாயிறு என்றால் போகட்டும் என்று விடலாம். ஜனவரி பிறந்ததிலிருந்து சொல்லி வைத்தாற்போல ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்து. கயிற்றை இழுத்தால் எஞ்சின் பிடிக்கும். பிடித்த கையோடு அதற்கு மூச்சு வாங்கும். வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சோக்கைப் பாதி மூடி வைத்தால் தயவு பண்ணுகிற மாதிரி கொஞ்ச நேரம் ஓடும். ரோட்டைச் சுத்தம் செய்யும் லாரி வாசலில் தள்ளிவிட்டுப் போன பனிச் சுவருக்குள் அதன் வாயை நுழைத்ததும், இருமி, பட்டென்று ஒருமுறை வெடித்து, நின்றுவிடும்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் வடக்கு மூலையில், பெரிய ஏரியை ஒட்டிய பழைய தாமிரச் சுரங்கக் குடியிருப்பு அது. சுரங்கத்தை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. பனியை மூட யாராலும் முடியவில்லை. அக்டோபரில் வந்து உட்கார்ந்தால், கிளம்ப மனமில்லாத சம்பந்தி மாதிரி மே மாதம் வரைக்கும் நகராது. அங்கே ஒருவருக்கு வயது எவ்வளவு, பென்ஷன் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் வீட்டு வாசல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். வாசல் அடைத்துக் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் தன் மிஷினை உருட்டிக்கொண்டு வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவார். கேட்கவும் மாட்டார், நன்றி சொன்னால் வாங்கிக்கொள்ளவும் மாட்டார். அதைச் செய்வது விதவைகளுக்கும், இடுப்பெலும்பை மாற்றிக்கொண்டவர்களுக்கும்தான். ரூடி அப்படி எத்தனையோ வாசல்களைச் சுத்தம் செய்தவர். தன் வாசலை இன்னொருவர் சுத்தம் செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குப் புதிது.

இன்னொருவர் என்றால் எதிர்வீட்டு க்ளேட்டன் ட்ரெவாரோ. ரூடி சுரங்கத்தில் எஞ்சின் பழுது பார்த்த காலத்தில் அவருக்குக் கீழே கருவிப் பெட்டி தூக்கியவர். இப்போது புத்தம் புது மிஷின் வைத்திருந்தார். அதன் கைப்பிடி சூடாகும்.

"யோவ் ரூடி, உன் மிஷின் ஞானஸ்நானம் வாங்கிடுச்சா? ஓய்வுநாள்ல வேலை செய்ய மாட்டேங்குது!"

"உன் வாய்க்கு ஓய்வுநாளே கிடையாதா?"

"கைப்பிடியத் தொட்டுப் பாருய்யா. சும்மா தொடு. தோசைக்கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லியிருப்பார், ஆனால் க்ளேட்டனுக்குத் தோசை தெரியாது, கறி அடைத்துச் சுடும் பேஸ்டி ரொட்டிதான் தெரியும். அவர் "பேஸ்டி சுட்ட அடுப்பு மாதிரி இருக்கு" என்றார். ரூடி தொடவில்லை. தொட்டால் பிடித்துப் போய்விடும் என்ற பயம்.

இது வெறும் மானப் பிரச்சினையாக இருந்திருந்தால் ரூடி பல்லைக் கடித்துக்கொண்டு வசந்தம் வரை ஓட்டியிருப்பார். ஆனால் வீடே அந்த எஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தது.

நவம்பரில் வான்கோழி விருந்து முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி எல்மா, டவுனில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். லிஃப்ட் உண்டு. வாசல் பனியை வேறு யாரோ அள்ளுவார்கள். கீழ்த்தளத்தில் மின்சார சவுனா உண்டு. முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, முறை வரும்போது போய் வெந்நீர் ஆவியில் உட்கார்ந்து குளித்துவிட்டு வரலாம்.

"முறை வச்சுக் குளிக்க நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" என்றார் ரூடி.

"படி ஏற எனக்கு முடியல, ரூடி."

"இந்த வீட்ல மாடியே இல்லையே."

"வாசப்படி இருக்கே."

மறுநாளே ரூடி வாசல்படிக்கு இரும்புக் கைப்பிடி அடித்துக் கொடுத்தார். எல்மா அதைப் பிடித்து ஏறிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். அவள் குரலில் மகிழ்ச்சி இல்லாததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேச்சு அங்கும் இங்கும் இழுபட்டு, கடைசியில் ரூடியே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"இதப் பாரு. மிஷின் இந்தக் குளிர்காலத்தத் தாண்டிட்டா இங்கயே இருப்போம். தாண்டலைன்னா ஃபிளாட்டு. சரியா?"

"மிஷின் தாண்டிடும்னு அவ்ளோ நம்பிக்கையா?"

"அதுல எந்தப் பல்சக்கரம் எப்போ தேயும்னு எனக்குத் தெரியும்."

"சரி" என்றாள் எல்மா. இருவரும் ஈரக் கையோடு கை குலுக்கிக்கொண்டார்கள். பிப்ரவரி முடிவதற்குள் ஃபிளாட்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உண்மையில் ரூடிக்கு ஒரு பயம் இருந்தது. அது மிஷினைப் பற்றியது இல்லை. போன பிப்ரவரியில் வாசலைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது யாரோ மார்பின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவரும் பனியில் உட்கார்ந்துவிட்டார். மிஷின் பக்கத்தில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மிச்ச வாசலையும் முடித்துவிட்டு உள்ளே போனார். ஏன் இவ்வளவு நேரம் என்று எல்மா கேட்டபோது, பூட்ஸ் லேஸ் அவிழ்ந்துவிட்டது, கட்டிக்கொண்டிருந்தேன் என்றார். தெருவில் யாரும் இல்லை. யாரும் பார்க்கவில்லை. எனவே அது நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டார்.

ஃபிளாட் என்றதும் அவர் முரண்டு பிடித்ததற்குக் காரணம் வேறு. குடியிருப்பில் எந்த வீட்டு எஞ்சின் கெட்டாலும் "ரூடியக் கூப்பிடு" என்பார்கள். ஃபிளாட்டில் யாரிடம் எஞ்சின் இருக்கிறது? லிஃப்ட் கெட்டால்கூட அதற்கென்று ஓர் ஆள் வருவான். எதுவும் கெடாத இடத்தில் காலையில் எழுந்து தான் என்னதான் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நினைத்தாலே பயமாக இருந்தது.

டிசம்பர் கடைசியில் பனியின் கனம் தாங்காமல் மிஷின் கொட்டகையின் கூரை உட்கார்ந்துவிட்டது. மிஷினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை எங்கே வைப்பது என்று ரூடி தலையைச் சொறிந்தபோது எல்மாதான் வழி சொன்னாள்.

"சவுனாவுல வை. துணி மாத்துற அறையில இடம் இருக்குல்ல? பாவம், குளிர்ல கிடக்க வேணாம். காலையில சட்டுனு கிளம்பும்."

ரூடிக்கு மனசு நிறைந்துவிட்டது. ரூடியின் முன்னோர் போல அந்தப் பக்கம் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்கள் அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றதும் சவுனாவில், இறந்தவரைக் குளிப்பாட்டியதும் சவுனாவில். சளி பிடித்தவன், இடுப்பு பிடித்தவன், மாமியாரோடு சண்டை பிடித்தவன் எல்லோருக்கும் அதே மருந்துதான். வயதான ஒரு மிஷினுக்கு அங்கே இடமில்லை என்று யாரால் சொல்ல முடியும்? அவர் தன் கையாலேயே அதை உருட்டிக்கொண்டு போய், பின்கட்டில் இருந்த சவுனாவின் வெளியறையில், பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கீழே பழைய கம்பளம்கூட விரித்தார்.

அடுத்த ஞாயிறு அது முதல் தடவையாக நின்றது.

ரூடி பதறவில்லை. முறைப்படி ஆரம்பித்தார். முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். திங்கட்கிழமை எஞ்சின் பாட்டுப் பாடியது. அடுத்த ஞாயிறு நின்றது. டேங்கில் இருந்த பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினார். வாரம் பூராவும் குறை சொல்ல முடியாத ஓட்டம். ஞாயிறு நின்றது. பெட்ரோல் குழாயை மாற்றினார். அதற்கும் அதே மரியாதைதான்.

பிறகு சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டார். எல்மா ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டித் தட்டை ஒரு சாண் தள்ளி வைத்தாள். போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "மெயின் ஜெட்ல கம்பி விட்டுப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தாச்சு."

"மிதவை?"

"அதுவும் பாத்தாச்சு. நீ போய் ரொட்டியப் பாரு."

எல்மா சுரங்கத்து எஞ்சின் அறையில் வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே சுரங்கத் தொட்டியை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டினார். கல்யாணத்துக்கு முன்பு ரூடியின் முதல் கார் பாதி வழியில் நின்றபோது, பாவாடையை வழித்துக் கட்டிக்கொண்டு அதன் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து கொடுத்தவள் அவள்தான். அதைப் பார்த்துத்தான் ரூடி விழுந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் பொய் இல்லை.

அடுத்த ஞாயிறும் மிஷின் நின்றது. க்ளேட்டன் வாசலைச் சுத்தம் செய்துவிட்டு, போகும்போது ஜன்னலைப் பார்த்து சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு ரூடி கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருந்ததை வழக்கம்போலத் தகர டப்பாவில் வடிக்காமல், ஒரு கண்ணாடி ஜாம் பாட்டிலில் வடித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பெட்ரோலுக்கு அடியில், பெட்ரோலோடு ஒட்டாமல், சின்னச் சின்ன உருண்டைகள் உருண்டுகொண்டிருந்தன. பாட்டிலை வெளியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் காபி குடித்தார். திரும்ப எடுத்துக் குலுக்கியபோது அடியில் கிணுகிணு என்றது.

தண்ணீர். குளிரில் அது உறைந்து பெட்ரோல் வரும் துளையை அடைக்கிறது. எஞ்சின் பட்டினியில் மூச்சு வாங்குகிறது. மத்தியானம் அவர் கிண்ணத்தைக் கழற்றி வடித்ததும் சரியாகிவிடுகிறது. அதைத் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் கேனில் இருந்து கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பங்க்கில் கோளாறு என்றால் க்ளேட்டனும் அங்கேதான் வாங்குகிறார்.

"தண்ணி எங்கேர்ந்து வருது?" என்றார், சாப்பாட்டு மேஜையில், பொதுவாக.

"வானத்துலேர்ந்து" என்றாள் எல்மா. "கேரட் இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

அடுத்த சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சவுனா. அடுப்பில் பிர்ச் கட்டையைப் போட்டு, கற்கள் கொதிக்க, முதல் சூடு ரூடிக்கு. அவருக்கு நாக்கு வெளியே தள்ள வேண்டும். அடங்கிய சூடு எல்மாவுக்கு. அவள் குளித்து முடித்துவிட்டு வருவாள்; ஞாயிறு காலையில் அவளே முதலில் எழுந்து போய்த் துண்டுகளை எடுத்து வந்துவிட்டு அடுப்பில் காபி வைப்பாள். ரூடி எழும்போது எல்லாம் துப்புரவாக இருக்கும். நல்ல மனைவி என்று அவர் பலமுறை நினைத்ததுண்டு.

அன்று ரூடி குளித்துவிட்டு வந்து சட்டை போட்டுக்கொண்ட பிறகுதான் மூக்குக்கண்ணாடியை சவுனா பெஞ்சிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போனார். உள்ளறையில் எல்மா கல்லின் மேல் தண்ணீர் ஊற்றும் சத்தமும், பாதியில் வார்த்தை மறந்த ஒரு கீர்த்தனையும் கேட்டன. வெளியறையில் பல்ப் எரிந்தது.

மிஷினின் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பெரிய குளியல் துண்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிழியாத துண்டு. சொட்டிக்கொண்டிருந்தது.

ரூடி துண்டைத் தூக்கினார். டேங்கின் மூடி பாதி கழற்றப்பட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தண்ணீர் தேங்கி, அது தன் வழியைக் கண்டுபிடித்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். துண்டு மாட்டுவதற்கு அவரே அடித்த மூன்று ஆணிகள். ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று விருந்தாளிக்கு. மூன்றும் காலி.

அவருக்குக் கோபம் வந்தது. ஒரு மாதமாக ஊர் சிரித்தது. ஒரு மாதமாக க்ளேட்டன் சிலுவை போட்டார். ஒரு மாதமாகத் தன் மூளை மழுங்கிவிட்டதோ என்று பயந்து, அந்தப் பயத்தை வெளியே சொல்லாமல் முழுங்கினார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பேன்ட் நனைந்தது. நனையட்டும் என்று விட்டுவிட்டார்.

கதவு திறந்து எல்மா வந்தாள். முகம் சிவந்திருந்தது, நரைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவரைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். அங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணு ஆணி இருக்கு" என்றார் ரூடி.

"இருக்கு."

"மூணும் காலி."

"ஆமா."

"மூடி தானாக் கழண்டுக்கிச்சோ?"

"இல்ல. நான்தான் கழட்டினேன்."

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் அவர் அடுத்த கேள்வியைத் தயார் பண்ணி வைத்திருந்தார். அது இப்போது உபயோகமில்லாமல் போயிற்று.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. வாசப்படின்னு சொன்னேன். நீ கைப்பிடி அடிச்சுக் குடுத்த."

"எல்மா, மிஷின் கெட்டாத்தானே நாம போகணும்? அதுக்காக இப்படியா? உங்கப்பா இருந்திருந்தா ஒரு எஞ்சினுக்கு இப்படிச் செஞ்சதுக்கு உன்ன வீட்டுக்குள்ள சேத்திருக்க மாட்டார்."

"மாட்டார்தான்" என்றாள் எல்மா. "போன பிப்ரவரில பூட்ஸ் லேஸ் கட்டினியே, ஞாபகம் இருக்கா?"

ரூடி துண்டின் ஓரத்தைப் பிழிந்தார்.

"அந்த பூட்ஸ்ல லேஸே கிடையாது, ரூடி. ஜிப்பு. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

உள்ளே அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீ ஒக்காந்த. எழுந்திருக்கல. கதவத் திறக்கப் போனேன். கூரைப் பனி சரிஞ்சு கதவ அடைச்சிருந்துச்சு. தள்ளினேன், அசையல. திரும்ப ஓடி வந்து கண்ணாடியத் தட்டினேன். கத்தினேன். உனக்குக் கேக்கல, பக்கத்துல மிஷின் ஓடுது. அது அன்னிக்கு எவ்ளோ அருமையா ஓடிச்சு தெரியுமா? ஒரு இருமல் இல்ல. நீதான் ஓடல." அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "அப்புறம் எழுந்து, மிச்சத்தையும் முடிச்சு, கதவ அடைச்ச பனியையும் ஒதுக்கிட்டு, உள்ள வந்து லேஸுன்ன. நான் சூப்பு ஊத்தினேன்."

"ஒரு வருஷமா வாயத் திறக்கலயே நீ."

"திறந்தா என்ன பண்ணியிருப்ப? எனக்கு ஒண்ணுமில்லன்னு காட்ட இன்னும் நாலு வாசலச் சுத்தம் பண்ணியிருப்ப. அது ஓடுற வரைக்கும் நீ அது பின்னாடி போவ, ரூடி. அது நின்னாத்தான் நீ நிப்ப. வேற வழி எனக்குத் தெரியல." கடைசி வார்த்தையில்தான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "ராத்திரி நீ மூச்சு விடுறியான்னு பாத்துட்டுத்தான் தூங்குறேன்."

கோபம் எந்தப் பக்கமாகப் போயிற்று என்று ரூடிக்குத் தெரியவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் அவள் தோளைக் கொடுத்துத் தள்ளுவது மட்டும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் அவ்வளவு பயந்திருக்கிறாள், அவரோ அப்போது லேஸ் கதையை யோசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம்" என்றாள்.

"சரி."

இந்த ஒரு வார்த்தைக்கு அவள் தயாராக இருக்கவில்லை.

ரூடி எழுந்தார். துண்டை எடுத்துக்கொண்டு ஆணிக்கு நேரே கையை நீட்டினார். அப்படியே கொஞ்சம் நின்றார். பிறகு திரும்பி, துண்டை நான்காக மடித்து, டேங்கின் மேல் பழையபடி வைத்து, மூலைகளை இழுத்து விட்டார். தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்குக் குளிர் குறைச்சல்னு ரேடியோல சொன்னான்" என்றார். "இந்த ஈரம் பத்தாது."

எல்மா உள்ளே போய் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் நீளக் கரண்டியை நிறைத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் துண்டின் மேல், நடுவில் பார்த்து, நிதானமாக ஊற்றினார்.

ஞாயிறு காலை நல்ல பனி. மிஷின் பிடித்தது, மூச்சு வாங்கியது, பனிச் சுவருக்குள் வாயை வைத்தது, நின்றது. ரூடி அதற்கு மேல் கயிற்றை இழுக்கவில்லை. க்ளேட்டன் எதிர்ப்பக்கத்திலிருந்து சூடான கைப்பிடியோடு வந்து வாசலைத் திறந்துவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி. நீள மேஜைகள் நிறைய ஆட்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஏதோ ஓர் எஞ்சின் ரூடியின் கையால் ஓடிக்கொண்டிருந்தது. க்ளேட்டன் தட்டு நிறைய நிசு ரொட்டியோடு வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"என்னய்யா ரூடி, கண்டுபிடிச்சியா இல்லியா? எந்த ஏஞ்சல் வந்து அத நிறுத்துது?"

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இல்ல" என்றார் ரூடி. "எனக்குப் பிடிபடல. எல்லாம் பாத்துட்டேன். என்ன கோளாறுன்னே தெரியல."

க்ளேட்டன் அடுத்த கிண்டலுக்கு வாயைத் திறந்தார். அது வரவில்லை. தட்டை மேஜையில் வைத்தார்.

"பரவால்ல ரூடி" என்றார், மெதுவாக. "வயசாகுதுல்ல. எல்லாருக்கும் வர்றதுதான்."

கிண்டலுக்கு ரூடி தயாராக வந்திருந்தார். இதற்குத் தயாராக வரவில்லை. அது நேராக உள்ளே போய் இறங்கியது. சுற்றி இருந்தவர்கள் அவரைப் பார்க்காமல் தங்கள் காபியைப் பார்த்தார்கள்.

"நாங்க டவுனுக்குப் போறோம்" என்றார். "மிஷின நீயே எடுத்துக்க."

"ஓடாத மிஷின வச்சு நான் என்னய்யா பண்ண?"

"சவுனாவுல மட்டும் வைக்காத. எங்கயாவது குளிர்ல போட்டு வை. ஒரு ஞாயித்துக்கிழம ஓட்டிப் பாரு."

எல்மா காபிக் கூஜாவோடு அவர் பின்னால் வந்து நின்றாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அவர் தோளில் ஒரு கையை வைத்தாள். ரூடியின் கோப்பை ஏற்கனவே நிறைந்துதான் இருந்தது. அவள் அதில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.